ரிட்டர்ன் லோடு

போகும்போது கீரை, வரும்போது காலி வண்டி
என்றுதான் முதல் வருஷம் ஓட்டினேன்.
காலி வண்டிக்கும் டீசல் குடிக்கத் தெரியும்.

இப்போது வரும்போது எட்டு டிரம்.
மேடவாக்கத்து அடுக்ககத்தின்
எண்பத்து நாலு வீட்டு வெங்காயத் தோல்,
முருங்கைக்காய்ச் சக்கை,
டிகாக்‌ஷன் இறங்கி ஓய்ந்த காப்பித் தூள்.
பரனூர் சுங்கச்சாவடியில்
ஃபாஸ்டேக் கருவிக்கு மூக்கு கிடையாது.
பின்னால் நிற்கும் காருக்கு உண்டு.

உத்திரமேரூர் தாண்டி
கொல்லைமேட்டில் குழி வெட்டி வைத்திருக்கிறார் கன்னியப்பன்.
மக்கியதும் சலிப்பார்.
சல்லடைமேல் தங்குவதெல்லாம் ஒரு பெயிண்ட் வாளிக்குப் போகும்:
ஷாம்பு பாக்கெட், ஹேர்பின், பேனா மூடி,
பொம்மைக் காரின் ஒரே ஒரு சக்கரம்.
"படிச்சவங்க வூட்டுக் குப்பை" என்பார்.
கேலியா, மரியாதையா, இன்னும் பிடிபடவில்லை.

ஆவணியில் ஒரு ஸ்பூன் வந்தது.
எவர்சில்வர். கைப்பிடியில் புள்ளி புள்ளியாய்ப் பேர் வெட்டி
கே.எம். 11.6.97.
இத்தனை நாள் மண்ணுக்குள் கிடந்தும் கறுக்கவில்லை.
"குடுத்துடுப்பா. யார் கல்யாணமோ."

கட்டுகளுக்கு மேல் வைத்துக் கொண்டுபோனேன்.
கணக்கு எழுதும் ரெஹானா மேடம் குரூப்பில் படம் போட்டார்.
பதினேழு கட்டைவிரல் வந்தது,
கே.எம். வரவில்லை.
குப்பையோடு கொட்டியது நான்தான் என்று
யாருக்கு வாய் வரும்?
டாஷ்போர்டிலேயே கிடந்தது.
பிரேக் போட்டால் கிணுங்கும்.

பிறகு கார்த்திகை.
மூன்று நாள் விடாத மழை.
பள்ளிக்கரணை எழுந்து வந்து
தன் பழைய எல்லையை அளந்துவிட்டுப் போனது.
கார்களெல்லாம் மேம்பாலத்தில் ஏறி நின்றன.
வண்டலூரோடு என்னைத் திருப்பிவிட்டார்கள்.
நானூறு கட்டு:
சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் புளிச்சகீரை.
மதியத்துக்குள் தார்ப்பாய்க்குள்ளேயே வெந்துவிட்டது,
பருப்புப் போட ஆளில்லாமல்.

தண்ணீர் வடிந்த ஞாயிறு
ஜிம் அறையில் கூட்டம்.
சைக்கிள் மாதிரி எங்கேயும் போகாத ஒரு சைக்கிள்மேல்
உட்கார்ந்தபடி ஒருவர் கேட்டார்:
"வராத கீரைக்கு எதுக்குக் காசு?"
நியாயமான கேள்விதான்.
நானே அந்த வீட்டில் குடியிருந்தால் கேட்டிருப்பேன்.
ரெஹானா மேடம் நோட்டைப் பிரித்து
கரண்ட் பில் படிப்பதுபோலப் படித்தார்.
விதை இவ்வளவு.
மழையில் நின்று பறித்த ஆறு பேர் கூலி இவ்வளவு.
வண்டி வாடகை இவ்வளவு.
"வெயில் காலத்துல மட்டும்தான் நாம பங்காளின்னா
அதையும் இதுலயே எழுதிடுங்க"
என்று பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டது முப்பத்தொரு வீடு.
எண்பத்து நாலில் முப்பத்தொன்று.
இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனசில்லை.
கன்னியப்பன் நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்.
பறித்த கூலியை முதலில் பிரித்தார்,
மிச்சத்தில் விதை.
"உன் டீசல் அடுத்த மாசம்" என்றார்.
சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஈரம் வாங்கிய மண்ணில் மறுபடி பாத்தி.
சிறுகீரை விதை கடுகைவிடப் பொடி,
அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும்.
அஞ்சலாட்சி அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
"வண்டியில ஒரு ஸ்பூன் கிடந்துச்சே" என்றார்.
பாத்திக்கு ஒன்றரை ஸ்பூன்,
நாலு பிடி மணல் கலந்து.
வேலை முடிந்ததும் கழுவி
விதைச் சொம்புக்குள் போட்டுக்கொண்டார்.
நான் கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் பறித்தோம்.
எண்பத்து நாலு வீட்டுக்கும் ஏற்றினேன்.
கே.எம். யாரென்று இன்றுவரை தெரியாது.
கட்டு அந்த வீட்டுக்கும் போயிருக்கும்.

மேடத்திடம் ஒன்று மட்டும்
குரூப்பில் போடச் சொன்னேன்:
குப்பை பிரிக்கும்போது கொஞ்சம் பாருங்க,
ஹேர்பின் குத்துது.