இறக்கத்துக்கும் இரண்டு

பஸ்மினா மிஸ்,
மருந்துச் சாளரத்தை மூடுமுன் ஒரு கேள்வி.
சரி, ஒன்றல்ல.

மேடேற இரண்டு நகர்வு எடுக்கிறது, நியாயம்.
அதே மேட்டிலிருந்து இறங்கவும் ஏன் இரண்டு?
இந்த விளையாட்டைச் செய்தவன்
நானுஓயா வளைவுகளில் வண்டி இறக்கியவனோ,
இரண்டாம் கியரில், மழையில்,
பின்னால் ஒரு பிரசவ வலியோடு?

நூற்றுக்குத் தொண்ணூறு என்று காட்டிவிட்டு
என் வில்லாளி பக்கத்துக் கட்டத்தில் நின்றவனைத்
தவறவிட்டான்.
'பத்து என்றால் பூச்சியமில்லை அண்ணே'
என்றீர்கள், மாத்திரைத் தட்டிலிருந்து
கண்ணை எடுக்காமல்.
சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் எய்தேன்.
அதே அம்பு. அதே மரம்.
நாலு தரம்.

பகடையை முன்னமே உருட்டி வைத்திருக்கிறது,
வேறு யாரையாவது முதலில் நகர்த்திப் பாருங்கள்,
வரிசை மாறினால் விழும் எண்ணும் மாறும்:
இதை நீங்கள் எழுதித் தந்தது
'சாப்பாட்டுக்கு முன்' என்று அச்சடித்த உறையில்.
சட்டைப்பையில் இன்னும் இருக்கிறது.

மூடுபனிக்குள் எனக்கு எதுவும் தெரிவதில்லை.
கணினிக்குத் தெரியுமா?
'கடினம்' என்றால் தெரியுமாம்.
'இலகு' என்றால் அதுவும் குருடாம்.
நாற்பத்தாறு வயதில்
யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு
இலகுவுக்கு மாறினேன்.

ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள்.
கேடயக்காரனை வாசலில் நிறுத்துகிறேன்.
எதிரி அவனைத் திரும்பியும் பார்ப்பதில்லை.
சுற்றிக்கொண்டு வந்து
பின்வரிசையில் ஒற்றை உயிரோடு ஒதுங்கியிருக்கும்
ஈட்டிக்காரியைத்தான் தேடுகிறான். எப்போதும்.
அவளிடம் அவனுக்கென்ன பகை?

'பகையெல்லாம் இல்லை.
கூட்டிக் கழிக்கிறான்.
எது விழும் என்று பார்க்கிறான்.'
இருமல் பாணிப் போத்தலை
இருமுறை குலுக்கி வைத்தீர்கள்.

அப்போதுதான் மணி அடித்தது.
மேல் டிவிசன். குளவி. ஏழு பேர்.

போனைப் பையில் போட்டேன்.
எதிரி வாளை ஓங்கியபடி நின்றான்.

வண்டியில் ஒருவர் படுக்கலாம்,
மூவர் உட்காரலாம்.
ரோட்டோரம் வந்து கையசைத்தவர்கள் நால்வர்,
சேலைத் தலைப்பால் முகம் மூடி இருவர்.
கண்ணிமை வீங்கியிருந்தாலும்
சத்தம் போடத் தெம்பிருந்தது.
நானும் சிறிலும் அவர்களைச் சுற்றிக்கொண்டு
பின்னால் போனோம்,
தேயிலை நிரைக்குள், இடுப்புப் படங்கு அவிழாமல்
சாய்ந்து கிடந்தவளிடம்.
உதடு தடித்திருந்தது.
மூச்சு சீட்டியடித்தது.

தூக்கும்போது சந்தனமேரி
சொல் சொல்லாகக் கேட்டாள்:
'மொத... அவங்களுக்குத்தான... கொட்டுச்சு,
என்னைய ஏன்...'

பதில் சொல்ல நேரமில்லை.
முகப்பு விளக்கின் மஞ்சளுக்கு
நாலடி தூரம்தான் ரோடு இருந்தது.
அதற்கு அப்பால் மூட்டம்,
மூட்டத்துக்குள் ஒரு பஸ்ஸின் ஹாரன்.
இரண்டாம் கியர்.
இறக்கத்துக்கும் இரண்டு, மிஸ்,
இறக்கத்துக்கும் இரண்டுதான்.

மிச்சம் மூவருக்கு இன்னொரு நடை.

ஊசி போட்டு, சேலைன் ஏற்றி,
வீக்கம் அதற்குமேல் ஏறாமல் நின்றதாம்.
வாட்டில் விளக்கைக் குறைத்துவிட்டார்கள்.
உங்கள் சாளரத்தில் பலகை விழுந்திருக்கிறது.
வண்டிக்குள் உட்கார்ந்து போனை எடுத்தேன்.
நாலு வீதம் சார்ஜ்.

அவன் இன்னும் வாளை ஓங்கியபடியே.
ஐந்து மணித்தியாலம் கை தாழவில்லை.
குளவிக்கு இந்த மரியாதை தெரியாது,
ரோட்டுக்கும் தெரியாது.
நாளைக்குக் கேட்க வேண்டும்:
காத்திருக்கிறோம் என்று
அவனுக்குத் தெரியுமா?

கேடயக்காரனைத் தொடவில்லை.
வில்லாளியையும் விட்டேன்.
ஈட்டிக்காரியை முதலில் நகர்த்தினேன்,
மேட்டுப்பக்கம்.
மூச்சு வாங்குவதுபோல ஒரு கணம்
நின்று நின்று ஏறினாள்.

திரை அணைந்துவிட்டது.
அவள் போய்ச் சேர்ந்தாளா என்று
சார்ஜர் கிடைத்தால்தான் தெரியும்.
சிறிலிடம் இருக்கிறது.
சிறில் தூங்குகிறான்.