பத்து கிலோ பன்னீர்

நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஆஃப் விழுந்தது
ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.
பிரசவ வார்டை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டு
வொயின் பார்க்கக் கிளம்பினோம்.
"குடிக்க இல்ல, பார்க்க" என்றாள் நூர்நிஷா,
வீட்டில் சொல்லிவிட்டு வந்த அதே குரலில்.

ராயப்பன்பட்டி தாண்டி ஒரு கேட்.
உள்ளே எஃகுத் தொட்டிகள் வெயிலில் கண்ணைக் கூசின.
காவலாளி கடிதம் கேட்டார்.
எங்களிடம் இருந்ததோ ஒரு டிபன் கேரியரும்
ஆளுக்கொரு துண்டும்.
"கம்பம் ஆசுபத்திரி நர்சுங்க" என்றேன்.
"அப்ப ஊசி போட வாங்க" என்று சிரித்தாரே தவிர
தாழ்ப்பாளைத் தொடவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தோம்.
இலையெல்லாம் மயில்துத்தத்தின் நீலப் பொருக்கு.
நிமிர்ந்தால்
கருங்குலை நெற்றியில் இடிக்கிறது.
தோட்டக்காரர் கத்தரியை வேட்டியில் துடைத்து
நறுக்கி நறுக்கிக் கொடுத்தார்,
பத்து கிலோ பன்னீர்,
அட்டைப்பெட்டிக்குக் காசு தனி.

முன்சீட்டில் நூர்நிஷா.
பின்சீட்டில் பவுன்தாய்க்கு ஒரு ஜன்னல்,
அமலோற்பவத்துக்கு மறு ஜன்னல்.
நடுவில் நானும்
இருபத்திரண்டாயிரம் ரூபாய்க் கைமாற்றும்.
பதினோரு மாதமாக அது பேசவில்லை,
இடம் மட்டும் அடைத்துக்கொள்கிறது.

லோயர் கேம்பில்
மலையை இறுக்கிப் பிடித்தபடி இறங்கும் ராட்சதக் குழாய்கள்.
"அந்தப் பக்கத்துத் தண்ணிதான்க்கா
நீங்க வாங்கினீங்களே அந்தப் பழம்"
என்றான் டிரைவர் சவரிராஜ்.
சொல்லிக்கொண்டே வளைவை ஒடித்தான்.
பின்னால் டிக்கியில்
என்னவோ சரிந்து, மோதி, பொதுக்கென்றது.

குமுளி செக்போஸ்ட்டில்
போலீஸ்காரர் ஜன்னலுக்குள் மூக்கை நீட்டினார்.
"ஆரு குடிச்சது?"
நான்கு பேரும் ஒரே சமயத்தில் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டோம்,
துடைக்க ஒன்றுமே இல்லாமல்.
டிக்கியைத் திறந்தால்
பெட்டியின் அடி கிழிந்து
ஊதாச் சாறு சொட்டுச் சொட்டாக
தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது.
"வைன் அல்லே இது?"
"இன்னும் ஆகல சார்" என்றாள் அமலோற்பவம்,
குளுக்கோஸ் பாட்டில் மாட்டும்போது இருக்கும் அதே முகத்தோடு.
"சாயங்காலத்துக்குள்ள ஆயிரும்."

பவுன்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வந்ததை
இருமலாக மாற்றி ஜன்னல் பக்கம் துப்பினாள்.
நான் பார்த்தேன். அமலோற்பவமும் பார்த்தாள்.

பிறகு தேயிலை. பிறகு ரப்பர்.
முண்டக்கயத்தில் குளிர் போய்ப் புழுக்கம் ஏறியது.
கார் முழுக்கப் புளிப்பும் இனிப்பும்.
ஒரு பிரசவத்தில் தலை தெரிகிற நேரம்
எல்லோரும் மூச்சைப் பிடிப்போமே,
அப்படி ஒரு மணி நேரம்
யாரும் பேசாமல் மோந்துகொண்டே போனோம்.
சங்கனாச்சேரிக்கப்புறம் ரோட்டுக்குப் பக்கத்திலேயே
ரோட்டின் உயரத்துக்கே தண்ணீர்.

மாராரிக்கரையில் பொழுது சாய்ந்திருந்தது.
மணலில் துண்டுகளை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
உடைந்தது ஒரு பக்கம்,
உடையாதது ஒரு பக்கம்.
இருட்டில் நிறம் தெரியாது, விரல்தான் சொல்லும்.
பிரிக்கப் பிரிக்க
எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள் அந்த இரண்டு பேரும்.

உடையாதவற்றை அலையில் அலசினேன்.
உப்புக்குள்ளே கடித்தால் சர்க்கரை,
அதற்குள் ஒரு கசப்பு விதை.

"எட்டு தந்துட்டேன்" என்றாள் பவுன்தாய்,
பழத்தைப் பார்த்தபடி.
"தெரியும்."
"பதினாலு பாக்கி."
"கணக்கு எனக்கும் தெரியும்."
ஒரு அலை வந்து துண்டின் ஓரத்தை நனைத்தது.
"அவர் வேலை போனத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"
பவுன்தாய் பதில் சொல்லவில்லை.
உடைந்த பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து
உடையாத பக்கம் வைத்தாள்.
அமலோற்பவம் அதை எடுத்துத் தின்றாள்.

நூர்நிஷா விரல்களை மூக்கருகே வைத்துக்கொண்டு
"சரி, வொயின் பார்த்தாச்சு" என்றாள்.

காலையில் ஏழு மணிக்கு டூட்டி.
சவரிராஜ் ஹாரன் அடித்தான்.

திரும்பும்போது
எனக்கு ஜன்னல் கிடைத்தது.