அக்கம்பக்கம்

தெங்காவில் காட்டை வழிப்பதற்கு முந்தின வாரம்
ஒரு கரண்டி மண் அள்ளி வந்தோம்.
எனக்குக் கொசுக்கடி, ரோஸ்னாவுக்கு ஓர் அட்டை.

அதிலிருந்து பிரித்த நாற்பத்தொன்றாவது பூஞ்சை
நாலு வருடம் உறைகலத்தில் கிடந்தது.
எழுப்பி ஓட்ஸ் போட்டோம், சோறு வடித்துப் போட்டோம்,
இருட்டில் வைத்தோம், இரவெல்லாம் குலுக்கினோம்.
தின்றது. பச்சை பூத்தது.
வடித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.
பதினோரு மாதம்.

"தனி பங்களா அதற்கு. யாரோடு சண்டை போடும்?"
என்றாள் ரோஸ்னா,
மேல்மாடி ஈரத்துணி தன் போர்வையில் சொட்டுவதாக
நகர மன்றத்துக்கு ஓயாமல் புகார் எழுதுகிறவள்.

அதே கரண்டி மண்ணின் பாக்டீரியாவை
எதிரே கோடிழுத்துக் குடிவைத்தோம்.

வியாழக்கிழமை தட்டைத் தூக்கிப் பார்த்தால்
நடுவில் யாருமில்லாத பிறை.
அதன் ஓரத்தில் பூஞ்சை
மஞ்சளாய் எதையோ வியர்த்திருந்தது.

மூலக்கூறு நிறை 418.
பட்டியல்களில் தேடினோம், இல்லை.
கையிலிருப்பது நாலு மில்லிகிராம்;
மருந்தா, வெறும் வசவா,
இன்னும் தெரியாது.

பேருந்து தெங்காவைக் கடக்கிறது.
காடிருந்த இடத்தில், பன்னிரண்டாம் மாடியில்,
கழி நீட்டி யாரோ போர்வை உலர்த்துகிறார்கள்.
கீழ்வீட்டு ஜன்னல்
படீரென்று திறக்கிறது.