கப்பல் வீடு: சேத விவரம்

கட்டட வகைக்கு மூன்று கட்டம்தான் படிவத்தில்:
குடிசை, ஓடு, தளம்.
எதில் டிக் போடுவது என்று
வாணியம்பாடி ஆற்றோரம்
கணுக்கால் சேற்றில் நிற்கிறேன்,
வேலூரிலிருந்து அனுப்பப்பட்டவன்.

வீட்டுக்கு மூக்கு இருக்கிறது,
கிழக்கே பார்த்து வளைந்த மூக்கு.
மாடியைச் சுற்றி மூன்று வரிசை இரும்புக் குழாய்.
பக்கச் சுவரில் ஏழு வட்டச் சன்னல்,
ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலம்.
உச்சியில் புகைபோக்கி. எட்டிப் பார்த்தால்
தண்ணீர்த் தொட்டி.
தமிழில் கப்பல் வீடு, தக்னியில் ஜஹாஜ் கர்,
தபால்காரருக்குப் பதினாலு பை இரண்டு.

கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் மெஹருன்னிசா
பரண்மேல் கிடந்ததால் தப்பித்த
ஒரு சுருளை எடுத்து வந்தார்.
மெழுகுத்துணியில் வரைந்த பிளான்.
வட ஆற்காடு ஜில்லா, 1937.
மூலையில் சாய்ந்த எழுத்தில்:
கன்னியப்பன், டிராப்ட்ஸ்மேன்,
தோட்டப்பாளையம், வேலூர்.

அவர் கடல் பார்த்தவர் என்று தோன்றவில்லை,
நங்கூரத்தை மீன்முள் மாதிரி வரைந்திருக்கிறார்.
ஆனால் பம்பாயிலிருந்து
சிமென்ட் கம்பெனி அனுப்பிய படப்புத்தகம் எதையோ
இரவெல்லாம் புரட்டியிருக்கிறார்.
தூண் இல்லாமல் நீளும் பால்கனி,
மூலை திரும்பியும் நிற்காத சன்னல்,
ஒரு பூ, ஒரு கிளி, ஒரு கொடி இல்லாத
வெறும் சுவர்.
ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுகிறார்:
'அலங்காரம் வேண்டாம். இனி வேகம்தான் அழகு.'

அதன் கீழே பென்சில். வேறு கை.
தோல் மண்டி கௌஸ் மொஹிதீன் சாயபு:
'ஆடு ரெண்டு, மாடு ரெண்டு. எங்கே?'
சிவப்பு: 'பின்னால் கொட்டகை.'
பென்சில்: 'பின்னால் இல்லை. உள்ளே. மாடியில்.'
இந்த இடத்தில் சிவப்பு மை
கொஞ்சம் கொட்டியிருக்கிறது.

சாயபுவுக்கு அப்போது ஆறு வயசாம்,
தொள்ளாயிரத்து மூணு வெள்ளத்தில்.
வீட்டுக் கதவு ஆம்பூரில் கிடைத்தது.
அம்மா கிடைக்கவில்லை.

ஆக, ஒருவர் வரைந்தது
லண்டன் போகும் நீராவிக் கப்பல்.
மற்றவர் கட்டியது நூஹ் நபியின் பேழை.
ஒரே பிளான்,
ரயிலில் வந்த ஒரே சிமென்ட்.

எண்பத்து நாலு வருஷம்
பாலாறு மணலாகவே இருந்தது.
லாரி வந்து அதையும் அள்ளிப்போனது.
கரையில் ஒரு கப்பல்
தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது.

போன வியாழன் ராத்திரி ஆறு வந்தது.
ஏழு வட்டத்திலும் நுழைந்தது.
கான்கிரீட் மிதக்காது. மிதக்கவில்லை.
தெருவே மாடியேறியது:
நாற்பத்தொரு பேர், ஒரு டிவி, ரெண்டு ஆடு.
ரெண்டும் கிடா.

தூண் இல்லாத அந்தப் பால்கனியில்
விடிய விடிய நின்றிருக்கிறார்கள்.
அடியில் நின்று அண்ணாந்து தேடினேன்,
ஒரு முடி அளவு விரிசல்.
இல்லை.
பிளானில் அதற்கும் சிவப்பில் ஒரு வரி:
'முதலாளி கணக்கை மீறிக் கம்பி கேட்கிறார்.
போட்டுவிட்டேன்.
அசிங்கமாகத் தடித்துவிட்டது.'

பெங்களூரிலிருந்து கொள்ளுப்பேரன் போனில்:
'முழுச் சேதம்னு எழுதிடுங்க சார்,
இடிச்சுட்டு காம்ப்ளெக்ஸ் கட்டணும்.'
தளம் என்று டிக் போட்டேன். பகுதிச் சேதம்.
கண்ணாடி ஐந்து, கதவு ஒன்று, மோட்டார் ஒன்று.

'என் சரக்கு?' என்றார் மெஹருன்னிசா.
ஷூ கம்பெனிக்குத் தைத்த அப்பர்,
இடதுகால் ஒரு மூட்டை, வலதுகால் ஒரு மூட்டை.
இருட்டில் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது.
மாடிக் குழாயில் காய்கிறது இப்போது
வரிசையாக
நூற்றிருபது இடதுகால்.

'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.
போனது வலதுகால் நூற்றிருபதா,
ஜோடி நூற்றிருபதா?

பென்சில் இருக்கா என்று கேட்டேன்.