வாய்மோலி: ஊர் விவரப் பலகை

பலகை கறுப்பு. கட்டங்கள் வெள்ளை.
திங்கட்கிழமை ஆய்வாளர் படகில் வருகிறாராம்.
ஏணியில் நிற்கிறாள் யோசினா, ஊர்ச் செயலர்,
பல்லில் ஒரு தூரிகை
கையில் ஒன்று.

ஊர்ப் பெயர்: வாய்மோலி.
வாய் என்றால் சேரம் தீவின் இந்தக் கரையில் ஆறு.
தமிழ்க் காதுக்கு வாய்மொழி என்று கேட்டால்
அதுவும் தப்பில்லை.
ஆறு பேசுகிறதுதான்,
மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே,
வாய் நிறையப் பாலத்தை வைத்துக்கொண்டு.

கடல் மட்டத்துக்கு மேல்: இரண்டு மீட்டர்.
பௌர்ணமியன்று பள்ளிக்கூட வாசலில்
செருப்பைத் துரத்திப் பிடித்தவர்கள்
இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கிழக்கெல்லை: பன்றிக்கல்.
பக்கத்து ஊர்ப் பலகையில் அதே கல் நாய்.
வழக்கு இருபத்தாறு வருஷமாக நடக்கிறது.
கல் இதுவரை குரைக்கவில்லை,
உறுமவும் இல்லை.

விளைபொருள்: கிராம்பு, ஜாதிக்காய், சேகோ.
பூக்கும் முன்னே மரத்தைச் சாய்த்து
நெஞ்சைப் பிளந்து சோற்றைக் கொத்தி
ஆற்றுநீர் விட்டுப் பிசைந்தால் அடியில் தங்கும் மாவு.
நம் பாயசத்துச் சவ்வரிசிக்குத் தூரத்துச் சொந்தம்.
இங்கே அது பசை.
இரண்டு குச்சியில் சுழற்றி எடுத்து
மஞ்சள் மீன்குழம்பில் நழுவவிட்டு
மெல்லாமல் விழுங்குகிறார்கள்.
கட்டம் இதையெல்லாம் கேட்கவில்லை.
எத்தனை டன் என்கிறது.
நாற்பது என்று எழுதுகிறாள்,
யாரையும் கேட்காமல்.

தொழில்: விவசாயம் 88. மீன்பிடி 31.
அரசுப் பணி 2, அதில் ஒருத்தி ஏணியில்.
மற்றவை: 1.

மற்றவை என்பது மெல்கியோர்.
ஊருக்குள் சிக்னல் கிடையாது.
காலையில் வீடு வீடாகப் போய்
கைபேசிகளைப் பச்சை வாளியில் சேர்த்துக்கொண்டு
ஒன்றரை மணி நேரம் குன்றேறுவான்.
உச்சியில் ஒரு கெனாரி மரம்.
மூன்றாவது கிளையில் வாளியைத் தொங்கவிட்டு
அடியில் படுத்துத் தூங்குவான்.
சற்று நேரத்தில் வாளி விழித்துக்கொள்ளும்,
கூட்டுக்குள் குஞ்சுகள் மாதிரி:
அம்போனில் படிக்கும் மகளின் தேர்வுக் கட்டணம்,
கிராம்பு விலை,
யாருக்கோ யாரோ அனுப்பிய வெறும் இதயம்.
கைபேசிக்கு ஆயிரம் ரூபியா.
மழையென்றால் வாழையிலை மூடி இலவசம்.

மக்கள் தொகை.
இங்கே தூரிகை நிற்கிறது.

சென்ற வருஷம் 214.
பிறப்பு இல்லை. வந்தவர் போனவர் இல்லை.
ஏப்ரலில் திமோத்தியுஸ் சூரை மீனுக்குப் போனான்.
ஒன்பதாம் நாள் படகு வந்தது, கவிழ்ந்து,
அவன் இல்லாமல்.
கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது.

மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள்:
உடல் இல்லாமல் சான்றிதழ் இல்லை,
சான்றிதழ் இல்லாமல் கழிக்க முடியாது.

தினமும் அவன் கைபேசியும் குன்றேறுகிறது.
ரபெக்கா ஆயிரத்தை எண்ணி வைக்கிறாள்.
வேண்டாம் என்று மெல்கியோர் சொன்ன அன்று
தெருவில் நின்று சண்டை போட்டாள்,
என் புருஷன் போன் மட்டும் என்ன ஓசியா என்று.

வந்த செய்தி இதுவரை ஒன்றுதான்:
அன்பான வாடிக்கையாளரே,
உங்கள் எண்ணின் ஆயுள் நாளை முடிகிறது.
பணம் கட்டினால் முப்பது நாள் நீட்டிக்கலாம்.

கட்டினாள்.
நீட்டித்தார்கள்.

மதியம் மெல்கியோர் குன்றிலிருந்து ஓடி வருகிறான்,
யோசினாவின் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி.
அலை அதிகம், ஆய்வாளர் வரவில்லை,
பலகையைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

அவள் இறங்கவில்லை.
இரண்டைப் பெயிண்டில் எழுதினாள்.
ஒன்றையும்.
பிறகு சட்டைப் பையில் துழாவி ஒரு சாக்குத் துண்டெடுத்து
நான்கு.

நாளைக்கான கைபேசியோடு வந்த ரபெக்கா
அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.
பெயிண்ட் தீர்ந்துபோச்சா?

தீர்ந்துபோச்சு என்றாள் யோசினா,
பாதி டப்பா நிறைய இருந்ததை
உள்ளங்கையால் அழுத்தி மூடியபடி.