அமாவாசையன்று கெயினைக் குறைத்தது

அம்மாப்பேட்டையில்
எட்டு விசைத்தறிகளுக்கு மேலே எங்கள் அறை.
வாடகை குறைவு.
தரை நடுங்கும், அதனால்.

எட்டு மாதமாக
என் ஆம்ப்பில் கெயின் பத்து.
பேஸ் ஒன்பது, மிடில் பூஜ்யம், ட்ரெபிள் ஒன்பது.
சீறினால்தானே மெட்டல்.

தனியாக வாசிக்கையில்
மேக்னசைட் குவாரியில் வெடி வைத்த மாதிரி
நெஞ்சு நிறையும்.
தனக்கோடி பேஸ் கிட்டாரைத் தொட்டு
இர்ஃபான் இரண்டு காலாலும் மிதிக்கத் தொடங்கியதும்
கை ஓடும், கம்பி அதிரும்,
நான் மட்டும் அறையில் இருக்கமாட்டேன்.
'இன்னும் ஏத்து' என்பான் இர்ஃபான்.
ஏற்றுவதற்கு எண் இல்லை.

அமாவாசை. தறி ஓடாத நாள்.
கட்டடம் மூச்சடக்கி நிற்க
ஆறாம் கம்பியை ஒருமுறை அடித்தேன்.

கொசுக்கூட்டம்.
சூடான எண்ணெயில் விழுந்த ஈர மிளகாய்.
நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை,
அதன் வழியாகத்தான் இத்தனை நாளும்
தறிகள் ஏறி வந்து
என் இடத்தில் வாசித்திருக்கின்றன.

கையை எடுத்த பிறகும் ஓர் இரைச்சல்.
அதற்கும் தறியைத்தான் திட்டியிருந்தேன்.
மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தனக்கோடி
பின்கட்டில் எர்த் குழியைத் தேடிப் பிடித்து
இரண்டு குடம் தண்ணீர், அரைப்படி கல்லுப்பு.
'சித்திரை மாசம், பூமி காஞ்சு கெடக்குது செங்கா.'
மேலே வந்தால்
இரைச்சல் பாதிகூட இல்லை.

பிறகு கெயின்.
எட்டு.
ஏழு.
ஐந்தில் என் பிழைகள் தெரிய ஆரம்பித்தன.
போர்வையை உருவினால்
கீழே இவ்வளவு சோம்பேறிக் கையா?
மூன்றாம் அடி எப்போதும் தாமதம்.
உள்ளங்கை விளிம்பை பிரிட்ஜ் பக்கம்
ஒரு நெல்லளவு நகர்த்தினேன்.
ஓவர்டிரைவ் பெடலை முன்னால் செருகி
டிரைவை மூடி, லெவலை முழுக்கத் திறந்தேன்.
தொளதொளத்த அடிவயிறு இறுகியது.

பேஸை மூன்றுக்கு இறக்கினேன்.
அது தனக்கோடியின் வீடு,
வாடகை தராமல் குடியிருந்திருக்கிறேன்.

மிடிலைத் தொடத்தான் வெட்கம்.
ஐந்து, ஆறு, ஆறரை.
பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரின் மூக்குக் குரல் வந்தது:
அயோத்தியாப்பட்டணம் வாழப்பாடி ஆத்தூரேய்!
அழகென்று யார் சொல்வார்?
ஆனால் அத்தனை இன்ஜின் உறுமலிலும்
ஆத்தூர் போகிறவனுக்குக் கேட்டுவிடுகிறது.

மறுநாள் காலை தறிகள் ஓடின.
தரை பழையபடி நடுங்கியது.
இர்ஃபான் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான்.
அடித்தேன். அறையில் இருந்தேன்.
வெடுக்கென்று நிறுத்தினேன்;
நாய்ஸ் கேட் மூடிய அந்தக் கண்ணிமைப் பொழுதில்
கீழிருந்து நாடா பாயும் ஒரு 'சட்'
மிகச் சரியாக வந்து விழுந்தது.

'பங்கு கேப்பாங்கடா' என்றான் தனக்கோடி.

நாங்கள் சிரித்து முடித்து
மறுபடி தொடங்கினோம்.
மூன்றாம் அடி
இன்னும் கொஞ்சம் தாமதம்தான்.
இப்போது எல்லோருக்கும் கேட்கிறது.