சும்மா

ஏழாம் கட்டையில் எல்லாருக்கும் ஒரே கேள்வி:
எந்தக் கோயிலுக்கு மொட்டை?

சும்மா, என்றேன்.

மளிகைக்கடை திலகராணி
மிச்சக் காசை என் கையில் தராமல்
மேசையில் வைத்தாள்.
கட்டொழுங்கு ஆசிரியர் தந்த கடிதத்தை அப்பா
செம்பனை லோரியிலிருந்து இறங்காமலே வாங்கி
சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார்.
ஆலயத் தலைவர்தான் பாவப்பட்டார்:
"பத்துமலைக்கு வேண்டுதல்னு சொல்லிடு பிள்ள.
நானே சந்தனம் பூசிவிடறேன்."

ஒரு பொய். அவ்வளவுதான் விலை.
தைப்பூசத்தன்று இதே தலையென்றால்
வழிவிட்டிருப்பார்கள்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள், இருட்டு விலகுமுன்,
உதிரி பொறுக்கப் போகிறவள்
தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு வந்து
நான் தூங்குகிறேன் என்றெண்ணி
என் தலையில் உள்ளங்கை வைத்தாள்.
முளைத்திருந்ததை எதிர்ப்பக்கமாகத் தடவினாள்.
இன்னொருமுறை.
பிறகு தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்,
எடை பார்ப்பதுபோல்.

கன்னியப்பன் முடிதிருத்தகத்தில் இப்போது
புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்:
பெண்களுக்கு வெட்டுவதில்லை.

பசையே காயவில்லை.
அப்பாவின் பிளேடு
எந்த டின்னில் இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
அம்மாவுக்கும்.